பிரசவ வலிக்கு மருந்து எடுப்பதா, வேண்டாமா: லேபர் வார்டு வாசலில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வளைகாப்பு முடிந்த கையோடு ஆரம்பிக்கும் சந்தேகங்கள் இவை. கர்ப்பிணிகளும் கூட வருகிறவர்களும் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நடைமுறையில் என்ன கிடைக்கிறது என்பதை மனதில் வைத்து பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்கு வேறோர் இடத்தில் பதில் இருந்தால் அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறோம்.

1. “வலியில்லாப் பிரசவம்னு போர்டு வெச்சிருக்காங்க. நிஜமாவே வலியே தெரியாதா?”

அந்த போர்டு சொல்வது பெரும்பாலும் எபிடூரலைத்தான். முதுகின் கீழ்ப்பகுதியில் நூல் போன்ற குழாய் ஒன்றைச் செருகி, அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக மரப்பு மருந்து செலுத்தும் முறை அது. இருக்கும் வழிகளில் வலியை அதிகம் குறைப்பது இதுதான். ஆனாலும் ‘வலியில்லா’ என்பது கொஞ்சம் அதிகப்படியான சொல். குழாய் போட்டு மருந்து வேலை செய்யும் வரைக்கும் வலி இருக்கத்தான் செய்யும். அதற்குப் பிறகும் வயிறு இறுகுவது தெரியும், குழந்தை இறங்கும்போது மலம் வருவதுபோல் அழுத்துவது தெரியும். அது தெரிவது நல்லதுதான். ஏன் என்று 11இல் பாருங்கள்.

எபிடூரல் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. கூட ஒரு ஆள், வெந்நீர், கேஸ், இடுப்பில் போடும் ஊசி என்று பல படிகள் உண்டு. எதுவுமே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். யார் எதை எடுத்தார்கள் என்பதை வைத்துத் தாய்மையை எடைபோடும் பேச்சுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

2. “எனக்கு வலி ஊசி போட்டாங்க. ஆனா வலி இன்னும் ஜாஸ்திதான் ஆச்சு. ஏன்?”

‘வலி ஊசி’ என்ற ஒரே பெயரில் லேபர் வார்டில் மூன்று வேலைகள் நடக்கின்றன, குழப்பமே அங்கேதான். முதலாவது, வலியை வரவழைப்பது. சலைன் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஆக்ஸிடோசின் இந்த வகை. கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பதுதான் அதன் வேலை, ஆகவே வலி கூடினால் மருந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, கர்ப்பப்பை வாய் இளகுவதற்காகப் போடுவது: ட்ரோட்டின், எபிடோசின், பஸ்கோபான் போன்றவை. இவற்றை வலி நிவாரணி என்று கணக்கில் வைக்காதீர்கள். எபிடோசின், எபிடூரல் இரண்டும் பெயரில் உரசுவதால், “எனக்கு எபி போட்டாங்க, ஒண்ணுமே கேக்கலை” என்று சொல்பவர்களில் சிலருக்கு எபிடூரல் போட்டிருக்கவே மாட்டார்கள்.

மூன்றாவதுதான் நிஜமாக வலியைக் குறைப்பது (கேள்வி 6). ஊசியோடு சிஸ்டர் வரும்போது, “இது வலி வர்றதுக்கா, வலி குறையறதுக்கா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இன்னொன்று: ஆக்ஸிடோசின் ஏறும்போது வலி தானாக வருவதைவிடக் கெட்டியாக, அடுத்தடுத்து வரலாம். வலி வர மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வலி குறையவும் மருந்து கேட்கலாம். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளாது.

3. “சூட்டு வலியா, பிரசவ வலியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

சீரகத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் படுத்து எழுந்தால் அடங்கிவிடுவது சூட்டு வலி. பிரசவ வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு வலியும் நீளும், முதுகில் தொடங்கி முன்வயிற்றுக்குச் சுற்றி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். விளக்கெண்ணெய் குடித்து வலி வரவைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றிய நிலையில் லேபர் வார்டுக்கு வருவது யாருக்கும் உதவாது.

4. “மருந்தே இல்லாம சமாளிக்க என்ன பண்ணலாம்? அதெல்லாம் சும்மா பேச்சா?”

சும்மா பேச்சில்லை. முதலிடம் கூடவே இருக்கும் ஆளுக்கு. பிரசவம் முழுக்க ஒருவர் கூட இருந்தால் என்ன ஆகிறது என்று 26 ஆய்வுகளில், 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2017இல் வந்தது (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக அலசிப் பார்க்கும் அமைப்பு காக்ரேன்). கூட ஆள் இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், வலி நேரம் குறைவு, வலி மருந்தின் தேவையும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை உள்ளே விடுவது இப்போது வழக்கம். தனியாரில் கணவரை விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். உறவுமுறையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களைவிட முதலில் அழுகிறவர் வெளியே இருக்கட்டும்.

அந்த ஆளின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வலி ஏறும்போது, வால் எலும்புக்குச் சற்று மேலே, பிட்டத்துக்கு மேல் இரு பக்கமும் குழி விழும் இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து நன்றாக அழுத்த வேண்டும். தேய்த்துக்கொடுப்பது போதாது. வலி இறங்கும் வரை கையை எடுக்கக்கூடாது. குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும்போது வரும் இடுப்பு வலிக்கு இது நன்றாகக் கேட்கும். அதே இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கலாம். எபிடூரல் போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும் வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

மல்லாந்து படுப்பதுதான் வலிக்கு மோசமான நிலை. நடக்கலாம், கட்டில் விளிம்பைப் பிடித்து முன்னால் சாயலாம், நாற்காலியில் மாற்றி உட்கார்ந்து முதுகுச் சாய்மானத்தைக் கட்டிக்கொள்ளலாம், முட்டிபோட்டு நிற்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். மூச்சை நீளமாக வெளியே விடுவதில் மட்டும் கவனம் வைத்தால் போதும், உள்ளே இழுப்பது தானாக நடக்கும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும் வரை பலருக்கு இவ்வளவே போதும். அதற்கு மேலும் இதிலேயே ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு.

5. “மூச்சு இழுக்குற கேஸ் ஒண்ணு இருக்காமே?”

உண்டு. நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் சரிபாதி கலந்தது, பெயர் என்டோனாக்ஸ். மாஸ்க்கை நீங்களேதான் பிடித்துக்கொள்ள வேண்டும், வேறு யாரும் முகத்தில் வைத்து அழுத்தக்கூடாது. மயக்கம் அதிகமானால் கை தளர்ந்து மாஸ்க் விழுந்துவிடும். அதுதான் அதன் பாதுகாப்பு.

சரியாகப் பிடிக்கத் தெரியாததால்தான் பலர் “வேலையே செய்யலை” என்கிறார்கள். கேஸ் வேலை செய்ய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வலி உச்சிக்குப் போன பிறகு இழுத்தால், அது வேலை செய்யும்போது வலி முடிந்திருக்கும். வயிறு இறுகத் தொடங்கும் அந்த நொடியிலேயே இழுக்க ஆரம்பித்து, வலி இறங்கியதும் விட்டுவிட வேண்டும். தலைசுற்றல், குமட்டல் வரலாம். விட்ட சில நிமிடங்களில் உடம்பை விட்டுப் போய்விடும். வலியை அழிக்காது, விளிம்பை மழுங்கடிக்கும். எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது.

6. “இடுப்புல போடுற ஊசியே போதாதா? அது சுலபமாச்சே?”

ட்ரமடால், பெத்தடின், ஃபோர்ட்வினும் ஃபெனர்கனும் சேர்த்துப் போடும் ஊசி ஆகியவை இந்த வகை. மயக்க மருத்துவர் தேவையில்லை, செலவும் குறைவு. பெத்தடின் வழக்கமாக 50 முதல் 100 மில்லிகிராம். சுமார் 20 நிமிடத்தில் பிடித்து, இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிற்கும். வலியைக் குறைப்பதைவிட இரண்டு வலிகளுக்கு நடுவே கண்ணயர வைப்பதில்தான் கெட்டி. வாந்தி வரும், அதற்குச் சேர்த்தே மருந்து போடுவார்கள்.

குறை என்னவென்றால், ரத்தம் வழியாகக் குழந்தைக்குப் போகும். ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் பிறக்கும் குழந்தை மூச்சு எடுக்கச் சுணங்கலாம், முதல் நாள் மார்பைச் சப்பவும் சோம்பலாம். மூச்சுச் சுணக்கத்துக்கு மாற்று மருந்தும் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், 3 சென்டிமீட்டரிலேயே நிற்பவருக்கு இது நல்ல ஊசி. முக்கும் நேரம் நெருங்கியவருக்கு நல்லதல்ல.

7. “எபிடூரல்னா சரியா என்ன பண்ணுவாங்க? ஊசி முதுகுக்குள்ளயேவா இருக்கும்?”

ஊசி இருக்காது. முதலில் கையில் ஊசிக்குழாய் போட்டு, ரத்த அழுத்தமும் குழந்தையின் இதயத்துடிப்பும் பார்ப்பார்கள். கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, முகவாய் நெஞ்சில் படும்படி முதுகை வளைக்கச் சொல்வார்கள். “பூனை மாதிரி முதுகைத் தள்ளும்மா” என்பார்கள். இடுப்பை நிமிர்த்தி மார்பை முன்னால் தள்ளினால் எலும்புகளுக்கு இடையே உள்ள சந்து மூடிக்கொள்ளும். நேரம் இழுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். இரண்டு இடுப்பெலும்பின் உச்சியையும் இணைத்துக் கோடு போட்டால் எங்கே முதுகெலும்பைத் தொடுமோ, அதை ஒட்டிய சந்துதான் இடம். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால், ஊசி அதில் பட வழியில்லை.

தோலை மரக்கவைக்கும் சிறிய ஊசி சுருக்கென்று இருக்கும். அதன் பிறகு பெரிய ஊசி போகும்போது அழுத்தம்தான் தெரியும். தோலிலிருந்து நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில், தண்டுவட நீர் இருக்கும் உறைக்கு வெளியே, எபிடூரல் இடம் வரும். வலி ஏறினால், “வலி வருது” என்று சொல்லுங்கள், மருத்துவர் நிறுத்திக்கொள்வார். சொல்லாமல் துள்ளுவதுதான் ஆபத்து. ஊசியின் உள்வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். குழாயை விடும்போது ஒரு காலில் மின்சாரம் தொட்டதுபோல் ஒரு நொடி வெட்டலாம். எந்தக் கால் என்று சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். பிறகு முதுகு நெடுக பிளாஸ்திரி ஒட்டுவார்கள்.

முதலில் கொஞ்சம் சோதனை மருந்து. “காது அடைக்குதா, வாயில உலோக ருசி தெரியுதா, கால் சட்டுனு கனமாயிடுச்சா?” என்று கேட்பார்கள். குழாய் ரத்தக் குழாய்க்குள்ளோ தண்டுவட நீருக்குள்ளோ போய்விடவில்லை என்று உறுதி செய்யத்தான் இது. அப்புறம் முழு மருந்து: வழக்கமாக 0.1 சதவீதமோ அதைவிடக் குறைவாகவோ பூபிவக்கெயின் என்ற மரப்பு மருந்து, அதோடு மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற வலி மருந்து. போட்டு முடிக்க 10, 15 நிமிடம், பிடிக்க இன்னும் 15, 20 நிமிடம். முதல் 20 நிமிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஏனெனில் அது இறங்கக்கூடும். குமட்டினாலோ கண் இருட்டினாலோ உடனே சொல்லுங்கள். இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். அரிப்பு, நடுக்கம், லேசான காய்ச்சல் வரலாம். சிறுநீர் முட்டுவது தெரியாது, சில மணிக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுப்பார்கள்.

8. “எத்தனை விரல் திறந்தா போடலாம்? சீக்கிரம் போட்டாலும் தப்பு, லேட்டா போட்டாலும் தப்புங்கிறாங்க.”

‘இரண்டு விரல்’ என்பது ஏறக்குறைய 3, 4 சென்டிமீட்டர். அதற்கு முன்னால் போட்டால் வலி நின்றுவிடும் என்பது பழைய கணக்கு. பிரசவ வலி உறுதியாகத் தொடங்கியிருந்து, நீங்கள் கேட்டால், அதுவே போதுமான காரணம்.

தாமதம் என்பதற்குச் சென்டிமீட்டரைவிடக் கடிகாரம்தான் அளவு. 7இல் சொன்னபடி போட ஆரம்பித்ததிலிருந்து வலி அடங்க அரை மணி போல ஆகும், மயக்க மருத்துவர் வந்து சேரும் நேரம் தனி. முதல் பிரசவத்தில் 8 சென்டிமீட்டரிலும் மணிக்கணக்கில் நேரம் இருக்கலாம், போடலாம். இரண்டாவது பிரசவத்தில் 8 என்றால் அசையாமல் உட்காருவதற்குள் குழந்தை வந்துவிடலாம். தலை தெரிய ஆரம்பித்துவிட்டால் பயனில்லை. அப்போதும் ஒன்றை விட்டுவிடாதீர்கள்: கீழே வெட்டுவதற்கு முன்பும் தையல் போடும் முன்பும் லிக்னோகெயின் மரப்பு ஊசி கேளுங்கள். போட்டுச் சில நிமிடம் கழித்துத்தான் தைக்கத் தொடங்க வேண்டும். தையல் ஊசி குத்துவது வலிக்கிறது என்றால், “இன்னும் மரக்கலை” என்று சொல்லலாம்.

9. “முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகுவலிதானாமே?”

எல்லாக் கேள்வியிலும் அதிகம் வருவது இதுதான். எபிடூரல் போட்டவர்களையும் போடாமல் வேறு மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நாள்பட்ட முதுகுவலியில் வித்தியாசம் இல்லை. 2018இல் வந்த காக்ரேன் தொகுப்பும் (40 ஆய்வுகள், 11,000க்கு மேல் பெண்கள்) இதையே சொல்கிறது. ஊசி போன இடத்தில் அடிபட்டதுபோல் சில நாள் வலி இருக்கும், அவ்வளவுதான்.

பின்னே ஏன் இத்தனை பேருக்கு முதுகு வலிக்கிறது? கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் நார்கள் இளகியிருக்கும், வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும். அந்த உடம்போடு தரையில் குனிந்து குழந்தையைக் குளிப்பாட்டி, கூன்போட்டு உட்கார்ந்து பால் கொடுத்து, இரவெல்லாம் தூக்கி நடந்தால் ஊசி போடாதவருக்கும் வலிக்கும். பால் கொடுக்கும்போது முதுகுக்கும் முழங்கைக்கும் தலையணை வையுங்கள். மேலும், “முதுகு ஊசி போட்டதிலேர்ந்து” என்று சொல்லும் அக்கம்பக்கத்தினர் பலருக்குப் போட்டது சிசேரியனுக்கான ஸ்பைனல். அது வேறு முறை: மெல்லிய ஊசி, ஒரே தடவை, குழாய் கிடையாது, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

10. “எபிடூரல் போட்டா கடைசியில சிசேரியன்லதான் முடியுமாம்?”

9இல் சொன்ன அதே தொகுப்பில் சிசேரியன் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டில் ஏன் இப்படித் தோன்றுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். எபிடூரல் அதிகம் கிடைப்பதும் தனியாரில்தான். எதைப் போட்டாலும் பாதிக்கு மேல் சிசேரியன் நடக்கும் இடத்தில், பழி முதுகு ஊசிமேல் விழுகிறது.

மாறுவது வேறு சில. முக்கும் நேரம் கொஞ்சம் நீளும், ஆக்ஸிடோசின் தேவை கூடும். குழந்தையின் தலையைப் பிடித்து வெளியே எடுக்கும் வாக்யூம், ஃபோர்செப்ஸ் கருவிகளைப் போடும் வாய்ப்பு பழைய ஆய்வுகளில் கூடுதலாக இருந்தது, மருந்தின் அடர்த்தி குறைந்த பிறகு, 2005க்குப் பின் வந்த ஆய்வுகளில் அந்தக் கூடுதல் காணவில்லை. உங்கள் மருத்துவமனை என்ன அடர்த்தியில் கொடுக்கிறது என்று கேட்பது இதனால்தான் அர்த்தமுள்ளது. சிசேரியன் தேவைப்பட்டுவிட்டால், ஒழுங்காக வேலை செய்யும் அதே குழாயில் அடர்த்தியான மருந்து கொடுத்தே அறுவை செய்யலாம், பெரும்பாலும் புதிதாகக் குத்த வேண்டியதில்லை.

11. “கால் மரத்துப் போயிட்டா எப்படி முக்கறது?”

மருந்து மெலிதாக இருந்தால் காலை அசைக்க முடியும், வலி அடங்கி அழுத்தம் மட்டும் தெரியும். 1இல் சொன்ன அந்த அழுத்தம்தான் எப்போது முக்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி. அதுவும் தெரியாதவருக்கு, வயிற்றில் கை வைத்து சிஸ்டர் சொல்லும்போது முக்கலாம். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்தவுடனே முக்கச் சொல்லி விரட்ட வேண்டியதில்லை. குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தால், தலை இறங்கக் கொஞ்ச நேரம் விடலாம்.

நிலையிலும் விஷயம் இருக்கிறது. எபிடூரல் போட்ட முதல் பிரசவக்காரர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், ஒருக்களித்துப் படுத்தவர்களில் 100க்கு 41 பேருக்குக் கருவி இல்லாமல் பிறந்தது, நிமிர்ந்த நிலையில் இருந்தவர்களில் 35 பேருக்கு. மருந்து எடுக்காதவர்களுக்கு உட்கார்வது நல்லது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். எபிடூரலுக்கு மட்டும் ஒருக்களித்தல்.

12. “மருந்து குழந்தைக்குப் போகாதா? பால் குடிக்குமா?”

எபிடூரலில் அளவு குறைவு, முதுகிலேயே பெரும்பகுதி நின்றுவிடுகிறது. குழந்தைக்குப் போவது இடுப்பு ஊசியில் போவதைவிட (6) மிகக் குறைவு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுவதற்கு எபிடூரல் தடையில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும், கிருமித் தொற்றா இல்லையா என்று பார்க்கக் குழந்தைக்கும் பரிசோதனை செய்யலாம்.

13. “போட்டும் ஒரு பக்கம் மட்டும் வலிக்குதுன்னாங்க என் தங்கச்சி. பணம் வீணா?”

நடப்பதுதான். மருந்து ஒரு பக்கமாகத் தேங்கும், அல்லது குழாய் சற்று அதிகமாக உள்ளே போயிருக்கும். வலிக்கும் பக்கம் கீழே வரும்படி படுத்து இன்னொரு டோஸ், குழாயை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்தல், அதற்கும் கேட்காவிட்டால் மறுபடி போடுதல்: இதுதான் வரிசை. பிரிட்டனின் மகப்பேறு மயக்க மருத்துவர் சங்கம் தாய்மார்களுக்குத் தரும் அட்டையில், 8இல் ஒருவருக்கு எபிடூரல் போதுமானதாக இருக்காமல் வேறு வழியும் தேவைப்படும் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. போட்டு அரை மணி கழித்தும் வலி என்றால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல், எந்த இடம், எந்தப் பக்கம் என்று காட்டிச் சொல்லுங்கள்.

14. “பக்கவாதம் வந்துரும்னு பயமுறுத்துறாங்க. நிஜமா என்ன ஆபத்து?”

அதே அட்டையின் கணக்கு: ரத்த அழுத்தம் கணிசமாக இறங்குவது 50இல் ஒருவருக்கு, கடுமையான தலைவலி 100இல் ஒருவருக்கு, காலில் சில நாளோ வாரமோ மரப்பு 1,000இல் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நரம்புப் பாதிப்பு 13,000இல் ஒருவருக்கு, கால் செயலிழப்பு 2,50,000இல் ஒருவருக்கு.

இதில் நீங்கள் சந்திக்கக்கூடியது தலைவலி. தண்டுவட நீர் இருக்கும் உறையில் ஊசி ஓட்டை போட்டுவிட்டால் வரும். உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் விடும், இதுதான் அடையாளம். பிரசவமாகி ஓரிரு நாளில் தொடங்கும். பாராசிட்டமால், தண்ணீர், காபி முதலில். அதற்கும் அடங்காவிட்டால் உங்கள் கையிலிருந்து 15, 20 மில்லி ரத்தம் எடுத்து அதே இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள், பலருக்கு அன்றே விடும். ‘பச்சை உடம்புல காபியா’ என்று பாட்டி தடுத்தால், மருத்துவர் சொன்னது என்று சொல்லுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கடைசி மருந்து முடிந்து நான்கு மணி நேரமாகியும் காலைத் தூக்க முடியாவிட்டாலோ, வீடு திரும்பிய பிறகு சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

15. “எகோஸ்பிரின் சாப்பிடறேன், வயித்துல ரத்தம் உறையாம இருக்கற ஊசியும் போடறேன். எனக்குப் போடுவாங்களா?”

எகோஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை) 75, 150 தடையில்லை. வயிற்றில் போடும் எனாக்ஸாபரின் ஊசி வேறு கதை: 40 மில்லிகிராம் அளவென்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம், எடைக்கேற்ற பெரிய அளவென்றால் 24 மணி நேரம் கழிய வேண்டும். இல்லாவிட்டால் முதுகுக்குள் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். வலி தொடங்கியதும் அடுத்த ஊசியைப் போடாதீர்கள், முந்தைய ஊசி எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வழக்கமாக 70,000, 80,000க்கு மேல் இருக்க வேண்டும், சில இடங்களில் ஒரு லட்சம் கேட்பார்கள். கர்ப்ப காலத்து ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தட்டணு சரியாக இருந்தால் எபிடூரல் உண்மையில் உதவி. வலியோடு சேர்ந்து அழுத்தம் ஏறுவதை அது தடுக்கும். சர்க்கரையும் தைராய்டும் தடை இல்லை. முதுகில் அறுவை நடந்தவர்கள், முதுகெலும்பு வளைந்தவர்கள் பழைய எக்ஸ்ரேயோடு மயக்க மருத்துவரை முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

16. “முதல் குழந்தை சிசேரியன். இப்ப நார்மலுக்குப் பாக்கறோம். எபிடூரல் போட்டா தையல் விட்டுப்போறது தெரியாம போயிடாதா?”

நியாயமான பயம். ஆனால் பழைய தழும்பு பிரிவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்புதான், வலி அல்ல. துடிப்பைத் தொடர்ந்து இயந்திரத்தில் பார்த்துக்கொண்டே எபிடூரல் தரலாம். மெல்லிய மருந்தையும் மீறி, வலிகளுக்கு நடுவிலும் விடாமல் ஓரிடத்தில் குத்தினால் அதை “மருந்து போதலை” என்று எடுத்துக்கொண்டு அளவை மட்டும் கூட்டக்கூடாது. தழும்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உடனடி சிசேரியன் வசதி இல்லாத இடத்தில் இந்த முயற்சியே வேண்டாம்.

17. “கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கிடைக்குமா? தனியார்ல என்ன கேக்கணும்?”

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். எபிடூரல் வேண்டுமா என்பதை முடிவு செய்வது நீங்கள், கிடைக்குமா என்பதை முடிவு செய்வது இரவு இரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எபிடூரலை எதிர்பார்க்க முடியாது, 4இலும் 6இலும் சொன்னவைதான் அங்கே வழி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்க மருத்துவர்கள் இரவு பகலாக இருப்பார்கள். ஆனால் அவசர சிசேரியன்களுக்கே அவர்கள் முதலில் போயாக வேண்டும்.

34ஆம் வாரத்துக்குள் போய்க் கேளுங்கள்: மயக்க மருத்துவர் கட்டடத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வரவேண்டுமா? மருந்து குறைந்தால் அடுத்த டோஸை யார் போடுவார்கள், மருந்தைத் தானாகச் செலுத்தும் பம்ப் உண்டா? போன மாதம் எத்தனை பேருக்குப் போட்டார்கள்? ‘இங்கே எபிடூரல் உண்டு’ என்பார்கள், மாதத்துக்கு இரண்டு பேருக்குத்தான் போட்டிருப்பார்கள். செலவில் மருத்துவர் கட்டணம், ஊசி செட், பம்ப், கூடுதல் டோஸ் எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். சிசேரியனாக மாறினால் மயக்க மருந்துக்குத் தனியாக மறுபடி கட்ட வேண்டுமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் சண்டை வருவது இந்த வரியில்தான்.

18. “மாமியார் வேணாங்கிறாங்க. அவங்க கையெழுத்துப் போடலைன்னா?”

18 வயது நிரம்பிய, சுயநினைவோடு இருக்கும் பெண்ணுக்கு அவர் கையெழுத்துதான் செல்லும். சுயநினைவுள்ள வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக வீட்டார் தரும் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் கணவரிடமும் கையெழுத்துக் கேட்பார்கள் என்பதே நடைமுறை. அந்த நேரத்தில் வாசலில் விவாதம் நடக்காமல் இருக்க, 17இல் சொன்ன சந்திப்புக்கு வீட்டிலிருந்து எதிர்ப்பவரையே கூட்டிப்போங்கள். 9ஆம் கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும்.

19. “வேணாம்னு சொல்லிட்டு நடுவுல மனசு மாறினா? இல்ல, கேட்டுட்டு அப்புறம் வேணாம்னா?”

இரண்டுக்கும் இடமுண்டு. போட்ட பிறகு வேண்டாம் என்றால் பம்பை நிறுத்தச் சொல்லலாம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். வேண்டாம் என்று இருந்துவிட்டு நடுவில் கேட்பதற்கு 8இல் உள்ள கடிகாரக் கணக்குத்தான்.

சிக்கல் கூட இருப்பவருக்கு. வலியில் எல்லாரும் “ஐயோ முடியலையே” என்பார்கள். அது வெறும் கத்தலா, மருந்து கேட்பதா என்று அவருக்குத் தெரியாது. அதனால் முன்பே ஒரு சொல் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் வந்தால் அவர் எழுந்து போய் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், வராத வரை முதுகை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். ‘முருங்கைக்காய்’ என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ‘அம்மா’ மட்டும் வேண்டாம், அதைக் கட்டிலுக்குக் கட்டில் கத்துவார்கள்.